செர்ஜ் அரோஷின் குரு யார்: காஸ்ட்லரா, கோயன்-தனுஜியா?

கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். 2012இல் நோபல் வாங்கிய பிரெஞ்சு இயற்பியலாளர் செர்ஜ் அரோஷைப் பற்றி வகுப்பில் செமினார் எடுக்கப்போகிறீர்கள். அவருடைய குரு ஆல்ஃப்ரெட் காஸ்ட்லர் என்று ஓரிடத்திலும், க்ளோத் கோயன்-தனுஜி என்று இன்னோரிடத்திலும் பார்த்திருக்கிறீர்கள். எது சரி, அவர் எங்கே என்ன படித்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், இப்படி நோபல்காரர்களிடம் படிக்காமல் குவாண்டம் ஒளியியலில், அதாவது ஒளியைத் துகள்களாகவும் பார்க்கும் இந்தத் துறையில், ஒருவர் தலையெடுக்க முடியுமா என்று போகிறபோக்கில் ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ருபீடியம் ஆவியோடும் டயோடு லேசரோடும் ஆறு வருடம் மல்லுக்கட்டி முனைவர் பட்டம் வாங்கியவன், அதற்கப்புறம் பாடம் நடத்திக்கொண்டிருப்பவன். பாரிஸில் அரோஷின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் கிடையாது. வருடங்கள், பட்டங்கள், யார் யாருக்கு நெறியாளர் என்பதெல்லாம் பதிவில் இருக்கிற விஷயங்கள், அவற்றை உறுதியாகச் சொல்வேன். யாரிடமிருந்து யாருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று சொல்லும் இடங்களில் அது என் கணிப்பு. இயற்பியலை வைத்து நான் போடும் கணக்கு, அவ்வளவுதான்.

நேரடிப் பதில்: அரோஷின் முனைவர் பட்ட நெறியாளர் கோயன்-தனுஜி. பட்டம் 1971இல், பாரிஸில். காஸ்ட்லர், கோயன்-தனுஜியின் நெறியாளர்களில் ஒருவர், ஆகவே அரோஷுக்குக் குருவின் குரு. காஸ்ட்லர் பெயர் ஏன் குழப்பிக்கொண்டு உள்ளே வருகிறது என்றால், மூன்று பேருமே ஒரே ஆய்வகம், ஒரே கட்டடம். அரோஷ் மாணவராகச் சேர்ந்த காலத்தில் காஸ்ட்லர்தான் அந்த இடத்தின் பெரியவர். செமினாரில் 'காஸ்ட்லரின் மாணவர்' என்று போட்டால் பெரிய தப்பில்லை, 'காஸ்ட்லரிடம் முனைவர் பட்டம் வாங்கியவர்' என்று போட்டால் தப்பு. இதில் நான்காவதாக ஒருவர் பெயர் உங்கள் கேள்வியில் வரவே இல்லை, பெரும்பாலான கட்டுரைகளிலும் வராது: ழான் புரோசெல். என்னைக் கேட்டால் அவர் இல்லாமல் இந்தக் கதையே இல்லை.

அரோஷ் 1944 செப்டம்பர் 11 அன்று மொராக்கோவின் காசாபிளாங்காவில் பிறந்தவர். 1956இல் மொராக்கோ விடுதலை பெற்றபோது குடும்பம் பாரிஸுக்கு வந்துவிட்டது, பையனுக்குப் பன்னிரண்டு வயது. 1963இல் எக்கோல் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் முதலிடம் பிடித்தும் அங்கே போகாமல் எக்கோல் நோர்மால் சுப்பேரியரில் சேர்ந்தார். நம்மூரில் இதைச் சொன்னால் வீட்டில் சண்டையே வந்திருக்கும். பாலிடெக்னிக் என்றால் பெரிய பொறியாளர், பெரிய அதிகாரி என்று ஒரு ராஜபாட்டை. நோர்மால் என்றால் வாத்தியார் வேலை, இல்லாவிட்டால் ஆராய்ச்சி. ஒன்றைக் கவனிக்க வேண்டும், நோர்மால் மாணவர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்துப் படிக்க வைக்கிறது. அங்கே 1967 வரை இருந்துவிட்டு உடனே பிரான்ஸின் தேசிய ஆய்வு மையமான சி.என்.ஆர்.எஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டார். அதாவது ஆய்வேட்டை முடிப்பதற்கு நான்கு வருடம் முன்பே அவருக்குச் சம்பளத்தோடு ஆராய்ச்சி வேலை இருந்தது. குரு வம்சத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த விஷயத்தை ஏனோ விட்டுவிடுகிறார்கள். உதவித்தொகை எப்போது வரும் என்று மாதக்கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான், அதனால் எனக்கு இது முதலில் கண்ணில் படுகிறது.

இப்போது வம்சத்துக்கு வருவோம். காஸ்ட்லர் 1902இல் அல்சாஸ் பகுதியில் கெப்வில்லர் என்ற ஊரில் பிறந்தவர். அப்போது அது ஜெர்மனியின் கையில் இருந்தது, முதல் உலகப்போருக்குப் பிறகு பிரான்ஸுக்கு வந்தது. அந்த இரட்டை வாழ்க்கை அவரிடம் கடைசிவரை இருந்தது, ஜெர்மன் மொழியில் கவிதை எழுதிய பிரெஞ்சு இயற்பியலாளர் அவர். நோர்மாலில் அவருக்கு ஆசிரியராக இருந்த யூஜேன் பிளாக்தான் புதிய குவாண்டம் இயற்பியலை அறிமுகப்படுத்தி, ஜெர்மன் தெரிந்த இந்த மாணவரை சோமர்ஃபெல்டின் அணுக் கட்டமைப்பு நூலைப் படிக்கச் சொன்னவர். அதில் ஒரு விஷயம் காஸ்ட்லரைப் பிடித்துக்கொண்டது: அணுவும் ஒளியும் கொடுக்கல் வாங்கல் செய்யும்போது ஆற்றல் மட்டுமில்லை, கோண உந்தமும் (சுழற்சியின் அளவு) கணக்குத் தப்பாமல் கைமாறுகிறது. வட்டமுனைவாக்கப்பட்ட ஒளியை, அதாவது அதிர்வுத் திசை சுழன்றுகொண்டே வரும் ஒளியை, அணுமேல் விட்டால், ஒவ்வொரு ஃபோட்டானும் (ஒளித்துகள்) தன் கையிலுள்ள ஓர் அலகுச் சுழற்சியை அணுவிடம் கொடுத்துவிட்டுப் போகும். வெறும் விளக்கொளியால் ஒரு அணுக்கூட்டத்தையே ஒரு பக்கமாகத் திருப்பி நிறுத்திவிடலாம். இதைத்தான் 1950இல் ஆப்டிகல் பம்ப்பிங் என்று எழுதினார்.

1920களில் மனதில் விழுந்த விதை 1950இல்தான் முளைத்தது. நடுவில் என்ன செய்தார்? ஐந்து வருடம் பள்ளி ஆசிரியர். மியூலூஸ், கோல்மார், போர்தோ என்று ஊர் ஊராக. 1931இல் போர்தோ பல்கலைக்கழகத்தில் பியேர் தோர் என்பவர் உதவியாளராகச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் ஆராய்ச்சிக்கு நேரமே கிடைத்தது. 1936இல் பாதரச அணுக்களைப் பற்றி ஆய்வேடு. 1941இல், ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு நடுவில், ஜார்ஜ் புருவா என்ற பேராசிரியர் அவரை நோர்மாலுக்கு அழைத்துக்கொண்டார். அந்த புருவாவை 1944இல் கெஸ்டபோ பிடித்துக்கொண்டு போனது, சாக்சன்ஹவுசன் முகாமில் இறந்தார். யூஜேன் பிளாக்கும் அதே 1944இல் ஆஷ்விட்ஸ் அனுப்பப்பட்டுத் திரும்பவில்லை. ஆக, காஸ்ட்லருக்குப் பாடம் சொன்னவரும் இடம் கொடுத்தவரும் அவர் பெயர் வாங்கியதைப் பார்க்க உயிரோடு இல்லை. இணையத்தில் வட்டமும் அம்புக்குறியுமாக வரையப்பட்ட 'நோபல் வம்ச மரம்' படங்களில் இந்த இருவரும் இருக்கமாட்டார்கள், இருவரும் நோபல் வாங்காதவர்கள்.

அடுத்து புரோசெல். 1918இல் பிறந்தவர், 1938இல் நோர்மாலில் சேர்ந்தவர், காஸ்ட்லரின் மாணவர். போர் முடிந்ததும் மான்செஸ்டரில் டோலன்ஸ்கியிடம் போய்க் குறுக்கீட்டு வளையங்களோடு சில வருடம், பிறகு அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஃபிரான்சிஸ் பிட்டரிடம். அங்கேதான் பாதரச அணுவின்மேல் ஒளியையும் ரேடியோ அலையையும் ஒரே நேரத்தில் விடும் இரட்டை ஒத்ததிர்வுச் சோதனையைச் செய்துகாட்டினார். காஸ்ட்லரும் அவரும் 1949இல் இந்த யோசனையைச் சேர்ந்தே வெளியிட்டார்கள். 1951இல் புரோசெல் பாரிஸ் திரும்பியதும் இருவரும் நோர்மாலில் ஆய்வகத்தைத் தொடங்கினார்கள். காஸ்ட்லர் யோசனைக்காரர், புரோசெல் அந்த யோசனையை மேசைமேல் ஏற்றி, மாணவர்களை வைத்துக் குழுவாக்கி, தினப்படி நடத்தியவர். 1966இல் நோபல் காஸ்ட்லருக்கு மட்டும் வந்தது. இது புரோசெலுக்கும் சேர வேண்டியது என்பதைக் காஸ்ட்லரே மறைக்கவில்லை. அரோஷ் அப்போது அந்த இடத்தின் இளம் மாணவர், இருபத்திரண்டு வயது. ஒரு பையன் தன் ஆய்வகத்துக்கு நோபல் வருவதையும், அதில் பாதிக்குச் சொந்தக்காரர் பக்கத்து அறையில் பரிசில்லாமல் வேலை பார்ப்பதையும் ஒரே நாளில் பார்க்கிறான். அது அவன் மனதில் என்ன செய்திருக்கும் என்பதை ஊகமாகத்தான் சொல்ல முடியும். ஆனால் பின்னாளில் தன் கூட்டாளிகளைப் பற்றி அரோஷ் பேசும் விதத்தைப் பார்த்தால் ஏதோ செய்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. 1994இல் ஆய்வகத்துக்குப் பெயர் மாற்றினார்கள்: காஸ்ட்லர் புரோசெல் ஆய்வகம். இரண்டு பெயரும் சேர்த்து. அந்த ஒரே கூரையிலிருந்து காஸ்ட்லர், கோயன்-தனுஜி, அரோஷ் என்று மூன்று தலைமுறைக்கு நோபல் வந்தது.

கோயன்-தனுஜி 1933இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டீனில் பிறந்தவர். 1953இல் நோர்மாலுக்குக் கணக்குப் படிக்கத்தான் வந்தார். காஸ்ட்லரின் வகுப்பைக் கேட்டுவிட்டு இயற்பியலுக்கு மாறிவிட்டார். நடுவில் அல்ஜீரியப் போர்க் காலமாகையால் 28 மாதக் கட்டாய ராணுவ சேவை. அதில் ஒரு பகுதியை ராக்கெட்டிலிருந்து சோடிய மேகத்தை வெளியேற்றி மேல்வளிமண்டலத்தை ஆராயும் வேலையில் கழித்தார், அங்கேயும் அணுவும் ஒளியும்தான். 1960இல் திரும்பி வந்து, காஸ்ட்லர், புரோசெல் இருவர் மேற்பார்வையிலும் 1962இல் ஆய்வேட்டை முடித்தார். அந்த ஆய்வேட்டின் மையம்தான் லைட் ஷிஃப்ட். ஒளி ஒரு அணுவைத் தட்டி எழுப்பாமல் சும்மா பக்கத்தில் போனாலே, அணுவின் ஆற்றல் மட்டங்கள் ஒரு துளி நகர்ந்துவிடும். இதைக் கணக்கில் எழுதி, லேசரில்லாமல் வெறும் பாதரச விளக்கை வைத்து அளந்தும் காட்டினார். அந்தத் துளியூண்டு நகர்வை விளக்கொளியில் அளப்பது என்றால் என்ன என்பது அந்த வேலையைச் செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

எனக்குத் தெரியும். முனைவர் பட்டத்தின் இரண்டாம் வருடம், என் ருபீடியம் கோடு, அதாவது ருபீடியம் ஒளியை விழுங்கும் அதிர்வெண், தினமும் ஒரு இடத்தில் வந்து உட்கார்ந்தது. காந்தக் கவசம் சரியில்லை என்று முடிவுகட்டி மூன்று மாதம் அதையே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் என் நெறியாளர் கையில் டீயோடு வந்து வரைபடத்தைப் பார்த்தார், லேசரின் சக்தியைப் பாதியாக்கிப் பார் என்றார், போய்விட்டார். பாதியாக்கினேன், கோடு நகர்ந்தது. கால்வாசியாக்கினேன், இன்னும் நகர்ந்தது. நான் அளக்கப் பயன்படுத்திய ஒளியே நான் அளக்கும் பொருளைத் தள்ளிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரிதான் கோயன்-தனுஜியின் பழைய கட்டுரைகளைத் தேடி எடுத்து உட்கார்ந்து படித்தேன். எனக்குத் தலைவலியாக வந்தது அவருக்கு ஆய்வேடாக வந்திருந்தது.

இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முடிச்சு இதுதான்.

அரோஷின் ஆய்வேடு ஆடை உடுத்திய அணுவைப் பற்றியது. கோயன்-தனுஜி வளர்த்தெடுத்துக்கொண்டிருந்த பார்வை அது. அணு ஒரு பக்கம், அலை ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் பார்க்காமல், அணுவையும் அதைச் சூழ்ந்த ஃபோட்டான்களையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு அதன் ஆற்றல் மட்டங்களை எழுதுவது. அரோஷ் எடுத்துக்கொண்டது ரேடியோ அலை ஃபோட்டான்களால் ஆடை உடுத்திய அணு. ஆடையைக் கூட்டிக் குறைத்தால் அந்த அணு காந்தப்புலத்துக்குக் காட்டும் உணர்வையே மாற்றிவிடலாம், சில அளவில் அறவே இல்லாமலும் செய்துவிடலாம். படிக்க மாயம் போல இருக்கும், ஆனால் சோதனையில் அப்படியே வந்தது. இங்கே எத்தனை ஃபோட்டான் என்று கேட்டால் கோடானுகோடி, எண்ண வேண்டிய அவசியமே இல்லை. ஒன்றிரண்டு ஃபோட்டானை வைத்து இதையே செய்தால் என்ன ஆகும் என்பது அப்போது காகிதத்தில் மட்டும் கேட்கக்கூடிய கேள்வி.

1972இல் ஒரு வருடம் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார், ஆர்தர் ஷாலோவிடம். டவுன்ஸோடு சேர்ந்து 1958இல் லேசருக்கான அடிப்படைக் கட்டுரையை எழுதிய அதே ஷாலோ, பின்னாளில் 1981 நோபல். பாரிஸ் பள்ளி விளக்கும் ரேடியோ அலையும் வைத்துக் கணக்கைக் கறாராகப் போடும் இடம். ஸ்டான்ஃபோர்டிலோ நிறம் மாற்றக்கூடிய சாய லேசர்கள் வந்துகொண்டிருந்த நேரம். அங்கே சீசியம் ஆவியில் குவாண்டம் துடிப்புகளை (அணுக்கள் உமிழும் ஒளி ஏறி இறங்கித் துடிப்பதை) பார்த்து ஷாலோவோடு சேர்ந்து கட்டுரை வெளியிட்டார். ஆனால் அந்தக் கட்டுரையைவிடப் பெரிதாக அவர் கொண்டுவந்தது அந்த லேசரைக் கையாளும் கைப்பழக்கம்தான் என்பேன். லேசர் இருந்தால் அணுவின் எலக்ட்ரானை மிக உயர்ந்த மட்டங்களுக்கு ஏற்றலாம். அப்படி ஏற்றிய ரிட்பெர்க் அணு சாதாரண அணுவைவிட ஆயிரம் மடங்கு அளவுக்குப் பெரிதாக ஊதியிருக்கும், மைக்ரோஅலைக்கு அசாத்திய உணர்வோடு இருக்கும். பாரிஸ் திரும்பியதும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். 1975இல், முப்பத்தோரு வயதில், பாரிஸ் 6ஆம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

அதன்பின் நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், ஆனால் நடந்தது முப்பது வருடம். ரிட்பெர்க் அணுவை எதிரெதிரே வைத்த இரண்டு பிரதிபலிக்கும் கண்ணாடிகளுக்கு நடுவே அனுப்புவது, அதுதான் கேவிட்டி. சரியான கேவிட்டிக்குள் அணு வெளியே இருப்பதைவிட வேகமாக ஒளியை உமிழும் என்று 1946இலேயே பர்செல் சொல்லியிருந்தார். 1983இல் கோய், ரேமோன், குரோஸ் ஆகியோரோடு சேர்ந்து அரோஷ் அதை ஒற்றை அணுவில் காட்டினார். இதன் மறுபக்கம், கேவிட்டி ஒத்துவராவிட்டால் அணு உமிழவே முடியாமல் அடங்கிக் கிடக்கும் என்பதை 1981இல் தெளிவாக எழுதியவர் டேனியல் கிளெப்னர். இந்தப் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவர் நார்மன் ராம்சேயின் மாணவர். 1996இல் பாரிஸ் குழு கேவிட்டிக்குள் ஒரு சின்ன ஷ்ரோடிங்கர் பூனையை (ஒரே நேரத்தில் இரண்டு நிலையில் இருக்கும் ஒளிப்புலத்தை) உருவாக்கி, அது படிப்படியாகத் தன் குவாண்டம் தன்மையை இழப்பதை நேரில் பார்த்தது. பிறகு 2007. கண்ணாடிகள் வைரமுனையால் கடைந்த செம்பு, மேலே மீக்கடத்தி நையோபியம் பூச்சு, இடைவெளி 2.7 சென்டிமீட்டர், வெப்பநிலை 0.8 கெல்வின். ஒரு மைக்ரோஅலை ஃபோட்டான் அதற்குள் சராசரியாக 0.13 நொடி உயிரோடு இருந்தது. அதற்குள் அது நூறு கோடிக்கும் மேற்பட்ட தடவை முட்டித் திரும்பி, ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர், அதாவது பூமியின் சுற்றளவு தூரம் ஓடியிருக்கும்.

சரி, உள்ளே ஒரு ஃபோட்டான் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? சாதாரணக் கண்டறியும் கருவி ஃபோட்டானை விழுங்கித்தான் சொல்லும், சொன்ன நேரத்தில் ஃபோட்டான் இருக்காது. அரோஷ் குழு என்ன செய்தது? அணு விழுங்க முடியாதபடி அதிர்வெண்ணைச் சற்றே தள்ளிவைத்தார்கள். விழுங்காது, ஆனால் அந்த ஒற்றை ஃபோட்டான் பக்கத்தில் இருப்பதாலேயே அணுவின் மட்டம் ஒரு துளி நகரும். அதே லைட் ஷிஃப்ட். குருவின் 1962 ஆய்வேடு. அங்கே ஒளி கோடானுகோடி ஃபோட்டானாக வந்து அணுவை நகர்த்தியது, அளந்தது அணுவின் நகர்வை. இங்கே அணுவின் நகர்வை வைத்து ஒளியை எண்ணுகிறார்கள். சட்டையைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்ட மாதிரி. ஒரு ஃபோட்டானைத் தொடாமலே அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான அணுக்களை அனுப்பி, அது பிறந்த கணத்தையும் மறைந்த கணத்தையும் பார்த்தார்கள். அரோஷே தன் நோபல் உரையில் இந்தக் கடனைச் சொல்லியிருக்கிறார், அதனால் இந்த இணைப்பு என் கற்பனையில்லை.

இன்னொரு கடனும் அந்தக் கருவியில் இருக்கிறது. அணுவின் அந்தத் துளி நகர்வைப் படிக்க கேவிட்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மைக்ரோஅலைப் பகுதிகளை வைத்திருக்கிறார்கள். அது ராம்சே 1949இல் கண்டுபிடித்த முறை, அணுக்கடிகாரங்களில் இருப்பதும் அதுதான். ராம்சே, அமெரிக்க இயற்பியலாளர் ராபியின் மாணவர். அரோஷோடு 2012 நோபலைப் பகிர்ந்துகொண்ட டேவிட் வைன்லேண்ட் ராம்சேயிடம் ஹார்வர்டில் 1970இல் முனைவர் பட்டம் வாங்கியவர், பிறகு டெமெல்டிடம் அயனிகளை (மின்னேற்றம் பெற்ற அணுக்களை) பிடித்துவைக்கும் அயனிப் பொறி கற்றவர். இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. ஒருவர் பாரிஸில் அணுவை வைத்து ஃபோட்டானை அளந்தார், மற்றவர் கொலராடோவின் போல்டரில் ஒளியை வைத்து அயனியை அளந்தார். ஆனால் அரோஷின் மேசையைப் பிரித்துப் பார்த்தால் பாரிஸ் வம்சமும் ராபி வம்சமும் அடுத்தடுத்துத் திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருப்பது தெரியும். இதனால்தான் ஒருவருக்கு ஒரு குரு என்று மரம் வரைவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ராம்சே அரோஷுக்கு ஒருநாளும் நெறியாளராக இருந்ததில்லை, அவர் இல்லாமல் 2007 சோதனையும் இல்லை.

கீழ்ப்பக்கமும் பாருங்கள். ழான்-மிஷேல் ரேமோன் அரோஷின் மாணவராக வந்தவர், மிஷேல் புரூன் அதற்கடுத்து வந்தவர். இரண்டு பேரும் போகவே இல்லை. பல பத்தாண்டுகளாக மூவரும் ஒரே குழு, பெரும்பாலான முக்கியக் கட்டுரைகளில் மூன்று பெயரும் இருக்கும். 2012 அக்டோபரில் ஸ்டாக்ஹோமிலிருந்து அழைப்பு வந்தபோது அரோஷ் மனைவியோடு தெருவில் நடந்துகொண்டிருந்தார், நல்லவேளை பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது, உட்கார்ந்துவிட்டேன் என்று பேட்டியில் சொன்னார். பரிசைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் வாயில் ரேமோன், புரூன் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். காஸ்ட்லர்–புரோசெல் கதை அடுத்த தலைமுறையில் வேறு உருவத்தில் திரும்பியது என்றுகூடச் சொல்லலாம், இந்த முறையும் பரிசில் அந்தக் குழுவிலிருந்து ஒரு பெயர்தான்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு. நோபல்காரரிடம் படிக்காமல் முடியுமா? இந்தத் துறையிலேயே எதிர் உதாரணம் இருக்கிறது, அதுவும் நம் பக்கத்தில் படித்தவர். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வாங்கிய சுதர்சன், ராச்செஸ்டரில் முனைவர் பட்டம் செய்தது ராபர்ட் மார்ஷாக்கிடம். மார்ஷாக் துகள் இயற்பியல்காரர், அவரிடம் சுதர்சன் செய்ததும் அதுதான். 1963இல் குவாண்டம் ஒளியியலின் அடிப்படைச் சூத்திரங்களில் ஒன்றை எழுதினார். அதை இன்றைக்கும் கிளாபர்–சுதர்சன் என்று இரட்டைப் பெயரில் சொல்கிறோம். 2005 நோபல் கிளாபருக்குப் போனது, சுதர்சனுக்கு இல்லை, அந்த வழக்கு இன்னும் பேசப்படுகிறது. பரிசை விடுங்கள், அவர் செய்த வேலை நிலைத்துவிட்டது. அதே சமயம் முழு எதிர் உதாரணம் என்று அதை நீட்டவும் மாட்டேன். அந்தச் சூத்திரத்தை எழுதிய காலத்தில் ராச்செஸ்டரில் ஒளியியல் அறிஞர் எமில் வுல்ஃப் இருந்தார், ஒளியியலின் வாசம் அந்த ஊர்க் காற்றிலேயே இருந்தது.

இன்னொரு பக்கம், காஸ்ட்லர் புரோசெல் ஆய்வகத்தில் அதே குருக்களிடம், அதே கருவிகளில் படித்த எத்தனையோ பேர் நல்ல ஆய்வாளர்களாக இருந்து ஓய்வு பெற்றார்கள், நீங்களும் நானும் பெயர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். பரிசு வாங்கியவரிலிருந்து பின்னால் போய் மரம் வரைந்தால் எல்லாக் கிளையும் தங்கமாகத்தான் தெரியும். ஆகவே நோபல் குருவிடம் படித்ததால்தான் நோபல் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: அரோஷுக்கு ஒரு ஆழமான பிரச்சினை கைமாறி வந்தது, அந்தப் பிரச்சினையோடு நாற்பது வருடம் ஒரே இடத்தில் உட்கார விடும் ஒரு வேலை இருந்தது, கண்ணாடிக்கு நையோபியம் பூச சாக்லேயில் இருந்த அணுசக்தி மையத்தின் பூச்சுத் தொழில்நுட்பம் வரைக்கும் கேட்டால் கிடைத்தது. இந்த மூன்றில் முதலாவதற்குத்தான் குரு வேண்டும்.

அதனால் நெறியாளரைத் தேடும்போது பெயரைப் பார்க்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், பெயர் இருந்தால் லேசர் சீக்கிரம் வரும், அதுவும் உண்மை. ஆனால் ஆய்வகத்துக்கு நேரில் போய், மூன்றாம் நான்காம் வருட மாணவர்களோடு கேன்டீனில் உட்கார்ந்து, கைடு கடைசியாக எப்போது உங்கள் வரைபடத்தை உட்கார்ந்து பார்த்தார் என்று கேளுங்கள். 'போன வாரம்' என்று பதில் வரும் இடம் ஒன்று, 'மாநாட்டுக்கு முந்தின நாள்' என்று வரும் இடம் ஒன்று. என் நெறியாளருக்கு வெளியே யாருக்கும் தெரியாத பெயர்தான், அந்த டீக் கோப்பையோடு வந்து சொன்ன ஒரு வரி எனக்கு ஒரு வருடத்தை மிச்சப்படுத்தியது.

செமினாருக்கு எங்கிருந்து தொடங்குவது என்றால், 2007இல் நேச்சர் இதழில் வந்த ஃபோட்டானின் பிறப்பு இறப்புக் கட்டுரையை எடுங்கள், சில பக்கம்தான், முதல் பெயர் கிளேஸ். அதிலுள்ள முக்கியப் படத்தைப் பலகையில் வரைந்தாலே பாதி நேரம் ஓடிவிடும். அப்புறம் கோயன்-தனுஜி 1973இலிருந்து கொலேஜ் த பிரான்ஸில் எடுத்த பாடங்களின் கையெழுத்துக் குறிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே வருடாவருடம் புதுப் பாடம் எடுக்க வேண்டும் என்பது விதி, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், தேர்வும் கிடையாது பட்டமும் கிடையாது. அரோஷும் 2001இலிருந்து அதே இடத்தில் பாடம் எடுத்தார். குறிப்புகள் பிரெஞ்சில்தான் இருக்கும், பயப்பட வேண்டாம், எனக்கும் பிரெஞ்சு தெரியாது. சமன்பாடுகளையும் படங்களையும் பின்தொடர்ந்து போனால் ஒரு பக்கத்துக்கு நான்கைந்து சொல்லுக்குத்தான் அகராதி பார்க்க வேண்டியிருக்கும்.